சுகர் எட்டு என்று அம்மா சொன்னால் நம்பாதே

ஸ்கார்பரோ,
பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா உன்னிடம், "சுகர் எட்டுதான் மக்களே, கனடா வெள்ளம் குடிச்சதும் எறங்கிட்டு" என்று பெருமையாகச் சொன்னாளே, அதை நீ அத்தான் வரைக்கும் கொண்டு போய்விட்டாயாம். அக்கா, இங்கே அளவே வேறு. நம்மூர் லேபில் மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல். இங்குள்ள எண்ணை 18-ஆல் பெருக்கினால்தான் நம்மூர் எண் கிடைக்கும். அம்மாவுக்கு வெறும் வயிற்றில் 8.2, அதாவது கிட்டத்தட்ட 148. மார்த்தாண்டத்தில் இருந்த அதே சுகர்தான் விமானம் ஏறி வந்திருக்கிறது. இதை உட்கார்த்தி வைத்து விளக்கினேன். "உன்னைப் பெருக்கச் சொன்னது யாரு?" என்கிறாள்.

மற்றபடி சுகம். வெளியே மைனஸ் 14. சேலைக்குக் கீழே பூட்ஸ், தலையில் என் கம்பளித் தொப்பி, இந்தக் கோலத்தில்தான் செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனோம். காரைப் பனியிலிருந்து தோண்டி எடுக்க நேரமில்லை, அதனால் பஸ். இங்கே வயசானவர்கள் நிற்பதைப் பார்த்தால் டிரைவர் ஒரு பட்டனைத் தட்டுவார், பஸ்ஸின் முன்பக்கம் புஸ்ஸென்று தரையோடு தாழும். அம்மா ஏறி உட்கார்ந்த பிறகும், "நம்ம களியக்காவிளை பஸ் இப்படித் தாழ்ந்தா என் முட்டு இப்படி ஆயிருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

நீ அம்மாவைத் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போன காலத்தில் விடியுமுன்னே கிளம்பி, ஓ.பி. சீட்டுக்கு நின்று, சாயங்காலம் திரும்புவாய். நாள் முழுக்க வரிசை, ஆனால் டாக்டரை அன்றைக்கே பார்த்துவிடலாம். இங்கே வரிசையே கிடையாது. கண் ஸ்பெஷலிஸ்டுக்குக் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்தார், கிடைத்த தேதி ஜூனில். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. காசு வாங்குவதில்லை, அது மட்டும் உண்மை.

டாக்டர் முன்னால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்கிறார். அம்மா, "மழைக்காலத்துல கூடும்" என்கிறாள். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா? "ஒண்ணும் இல்ல." நானும் அப்படியே சொன்னேன்.

அப்புறம் பிரஷர் பார்க்க ஒரு நர்ஸ் வந்தாள், மலையாளிப் பெண். அம்மா முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். 1956 நவம்பரில் நம்ம பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது மூன்றாம் கிளாஸில் இருந்தவள் அல்லவா, அதுவரை படித்த மலையாளமெல்லாம் இத்தனை வருஷம் கழித்துக் கொட்டியது. இடையில் சாதாரணமாக, "ராத்திரி காலினு தரிப்பாணு மோளே" என்றாள். இரண்டு பாதமும் மரத்துப் போகிறதாம், ஆறு மாசமாக. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

நர்ஸ் உடனே டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டாள். அவர் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்து, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு லேசாக வளையும்வரை அழுத்தினார். தெரிந்தால் சொல்ல வேண்டும். இடது காலில் எல்லாம் சொன்னாள். வலது காலில் பெருவிரலுக்கு அடியில் தொட்டார், அம்மா பேசாமல் இருந்தாள். இன்னொரு தடவை தொட்டார். கண்ணை மூடியபடியே, "இன்னும் தொடங்கலியா?" என்று என்னிடம் கேட்டாள்.

இரண்டு வருஷம் முன்பு பின்முற்றத்தில் கண்ணாடிச்சில்லு குத்தியதே தெரியாமல் அடுக்களை வரைக்கும் ரத்தத்தோடு நடந்து வந்தாள் என்று நீ போனில் அழுதாய். அம்மாவுக்குத் தோல் கெட்டி என்று நான் சிரித்தேன்.

இப்போது வீட்டுக்குள்ளும் செருப்பு. ராத்திரி தூங்குமுன் நான் டார்ச் அடித்துப் பாதம் பார்க்கிறேன். கூச்சப்படுகிறாள், காலை இழுத்துக்கொள்கிறாள், ஆனால் நான் விடுவதில்லை.

உன்னால் ஒரு உதவி வேண்டும். அலமாரி மேல்தட்டில், துணிக்கடை மஞ்சப்பையில், அம்மாவின் பழைய சீட்டெல்லாம் இருக்கும். கண் ஆபரேஷன் செய்தபோது வைத்த லென்ஸின் சின்ன அட்டை ஒன்று அதில் உண்டு. அதையும், கடைசி மூன்று வருஷத்து சுகர் ரிப்போர்ட்டையும் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. கால் விஷயம் உன்னிடமாவது சொல்லியிருந்தாளா என்பதையும் எழுது. இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் பேசாதே. கேட்டால் எட்டுதான் என்று வைத்துக்கொள்.

உன் தம்பி