போர்வை தந்த பாட்டிக்கு நன்றி

சான் பிரான்சிஸ்கோ போனபோது குடும்பத்தோடு ஆரக்கிள் பார்க்கில் பேஸ்பால் பார்த்தோம். ஜூலைதானே என்று ஸ்வெட்டர் எடுக்கவில்லை. வெயில் இறங்கியதும் வளைகுடாக் காற்றில் என் ஆறு வயது மகள் நடுங்கிவிட்டாள். பின்வரிசைப் பாட்டி ஒருவர் தன் போர்வையை எடுத்து அவளைச் சுற்றிவிட்டார். அப்புறம் ஆட்டத்தையும் சொல்லிக்கொடுத்தார். வலப்பக்கச் சுவர் 24 அடி உயரமாம். இந்த ஊர் ஜயன்ட்ஸ் அணியின் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் வில்லி மேஸின் சட்டை எண் 24, அவரைக் கௌரவிக்கத்தான் அந்த உயரம். அந்தச் சுவரைத் தாண்டி, மெக்கோவி கோவ் என்கிற வளைகுடாவின் சிறு பகுதியில் தண்ணீரில் விழும் பந்தைப் பிடிக்க, கயாக் படகுகளில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்றதும் மகளுக்குக் குளிரே மறந்துவிட்டது.

ஆட்டம் முடிந்து போர்வையை நீட்டினால், குழந்தையிடமே இருக்கட்டும் என்றுவிட்டார். பெயர் கேட்க மறந்துவிட்டேன், அம்மா. இன்றும் அந்த ஆரஞ்சுப் போர்வைக்குள்தான் அவள் தூங்குகிறாள். மனமார்ந்த நன்றி.