பெல்ட்டை இந்த வாரமே மாற்றிவிடு, கண்ணு

அன்பு மகளுக்கு,

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் வண்டி கிறீச்சென்று கத்துகிறது, இரண்டு நிமிடத்தில் சத்தம் நின்றுவிடுகிறது என்று சொன்னாயே, அது பெல்ட்தான். கேரட் அறுவடை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நீயும் மாப்பிள்ளையும் பேசி வைத்திருக்கிறீர்கள். வேண்டாம் கண்ணு. அடுத்த லோடு மேட்டுப்பாளையம் இறங்குவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். ஃபோனில் காரணத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கூடலூரிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய வண்டிகளில் இரண்டு மூன்று பெல்ட் தனித்தனியாக ஓடும். ஒன்று அறுந்தால் ஒரு வேலைதான் நிற்கும். உன் பிக்கப்பில் ஒரே நீளமான பெல்ட் எல்லாப் புல்லியையும் வளைத்துச் சுற்றி ஓடுகிறது. பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டியரிங் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. இதோடு போனால்கூட நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். பிரேக்கும் இதில் சேர்ந்திருக்கலாம்.

பெட்ரோல் வண்டியில் என்ஜின் காற்றை உறிஞ்சும்போதே பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம், அதாவது உறிஞ்சும் விசை, கிடைத்துவிடும். டீசலில் அப்படிக் கிடைக்காது. அதற்கென்று தனியாக ஒரு வாக்குவம் பம்ப் வேண்டும். பல டீசல் வண்டிகளில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். பானெட்டைத் திறந்து பார். ஆல்டர்னேட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு தடித்த குழாய் பிரேக் பூஸ்டருக்குப் போனால் உன் வண்டியும் அந்த ரகம்தான். அதில் பெல்ட் அறுந்தால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதற்கப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும்.

அது எப்படி இருக்கும் என்று சமதரையில் தெரிந்துகொள். வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, பிரேக்கை நாலைந்து தடவை மிதி. கடைசியில் கால் எவ்வளவு பலமாக அழுத்த வேண்டியிருக்கிறது என்று பார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 30 கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிறாய். பின்னால் மூட்டை மூட்டையாகக் கேரட். அந்த இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில், இந்தப் பெடலும் இறுகிப்போன ஸ்டியரிங்கும் உன் கைக்கு வரக்கூடாது. மாப்பிள்ளைக்கும் இதை ஒரு தடவை செய்து காட்டு.

காலையில் மட்டும் ஏன் கத்துகிறது என்று கேட்டாய். குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி நிறைய இறங்கிவிடும். அதைத் திரும்ப ஏற்ற ஆல்டர்னேட்டர் அப்போது கடினமாக உழைக்கும். தேய்ந்த பெல்ட்டோ, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் தளர்ந்திருந்தால் அதுவோ அந்தப் பளுவைத் தாங்காமல் வழுக்கும். பனி ஈரமும் சேர்ந்துகொள்ளும். சத்தம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பளு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெடிப்பு இல்லை, பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பாதே. இப்போது வருகிற பெல்ட் ரப்பர் சீக்கிரம் வெடிக்காது. டயர் மாதிரி தேயும். உள்பக்கப் பள்ளங்கள் அகன்று, பெல்ட் புல்லிக்குள் ஆழமாக இறங்கி ஓடும். செகண்ட் ஹாண்ட் வண்டி வேறு. முந்தின ஓனர் எப்போது மாற்றினார் என்று தெரியாத பெல்ட்டைப் பழசு என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது பெல்ட்டின் முதுகில் இருக்கும் நம்பரைப் பார். 6பிகே என்று போட்டு அதன் பின்னால் ஒரு எண் இருந்தால், பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் ஆறு வரி, அந்த எண் மில்லிமீட்டரில் நீளம் என்று அர்த்தம். அழிந்து போயிருந்தால் வண்டியின் மாடலையும் வருஷத்தையும் சொல்லிக் கேள். ஏசி உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் நீளம் மாறும், அதையும் சொல். கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது என்று கொடுத்தால் வாங்காதே.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. என்ஜின் ஆறியிருக்கட்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடு. பழைய பெல்ட் ஓடும் வழியைக் கழற்றுவதற்கு முன்னால் ஃபோனில் படம் எடுத்துக்கொள், இதை மட்டும் மறக்காதே. நீளமான ஸ்பேனரால் டென்ஷனரைத் திருப்பிப் பிடித்தால் பெல்ட் தளரும். ஸ்பேனரை மெதுவாக விடு, படக்கென்று விட்டால் விரல் போகும்.

புது பெல்ட்டை மாட்டும் அவசரத்தில் பல பேர் விட்டுவிடுகிற வேலை ஒன்று உண்டு. பெல்ட் இல்லாத அந்த நேரத்தில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார். கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங் போய்விட்டது. வாட்டர் பம்ப் பக்கம் கூலண்ட் கசிவு, பெல்ட் மேல் ஆயில் துளி இருக்கிறதா என்றும் பார். அதைச் சரிபண்ணாமல் புது பெல்ட் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும். டென்ஷனரில் சந்தேகம் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடு. காசு நான் அனுப்புகிறேன்.

மாட்டியபின் எல்லா வரியும் புல்லிப் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணு. சேலை முந்தானை, துப்பட்டா எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. புது பெல்ட்டும் கத்தினால், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளி. சத்தம் நின்று திரும்ப வந்தால் ஏதோ புல்லி நேராக இல்லை. சத்தம் கூடினால் டென்ஷன் போதவில்லை. கத்தாமல் இருக்க ஸ்பிரே அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

மாற்றுவதற்குள் அவசரமாக இறங்க வேண்டி வந்தால் வாடகை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். எப்போதாவது ரோட்டில் அறுந்துவிட்டால் முதலில் பேட்டரி விளக்கு எரியும், ஸ்டியரிங் கனக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதே. ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்து. நிற்கும்வரை சாவியைத் தொடாதே. நின்றதும் என்ஜினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வை. ஏற்றத்தில் அறுந்தால் கொஞ்ச தூரம்கூட ஓட்டிப் பார்க்காதே. வாட்டர் பம்ப் நின்றிருந்தால் என்ஜின் கொதித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மண்டி இல்லையென்றால் அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் நம்பரையும் ஆல்டர்னேட்டர் பின்பக்கத்தையும் படம் எடுத்து இன்று இரவே அனுப்பு. நான் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா