பாசிப் பெண்களின் மூச்சை அளக்க வாருங்கள்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் உடலியங்கியல் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவும் பெரியம்மாவும் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள்.

உங்களிடம் எம்.டி. படிப்பவர்கள் 3 வருடத்துக்குள் ஓர் ஆய்வேடு முடித்தாக வேண்டும். பெரும்பாலும் பக்கத்திலேயே கிடைக்கும் எம்.பி.பி.எஸ். மாணவர்களைத்தான் அளக்கிறார்கள். கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து ரத்த அழுத்தம் பார்ப்பது, குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிப்பது. சரி, பழகுவதற்கு அது வேண்டும்தான். அதோடு நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையோடு இறங்குவார்கள். ஒரு மூச்சுக்கு ஒரு முங்கு. பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்து, மூச்சு வாங்கி, மறுபடி முங்குவார்கள். மணிக்கணக்காக இப்படித்தான். மூச்சடக்கி முகத்தை நீரில் அமிழ்த்தினால் இதயத்துடிப்பு குறையும், கைகால் ரத்தக்குழாய்கள் சுருங்கும் என்று நீங்கள் நடத்தும் பாடம் இவர்கள் உடம்பில் நாள் முழுக்க நடக்கிறது. முங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால், மூச்சு முட்டும் உணர்வைத் தரும் கரியமில வாயு உடம்பில் குறைந்துவிடும். மூச்சு முட்டாமலே மயக்கம் வந்துவிடலாம். இதை இந்தப் பெண்களிடம் யார் வந்து சொன்னார்கள்? ரத்தசோகை இருப்பவர் எவ்வளவு நேரம் தாங்குவார், காது என்ன ஆகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டியவை.

கொரியாவில் எங்களைப் போலவே மூச்சடக்கிக் கடலில் முங்கும் ஹேன்யோ பெண்களை 1960களில் சுக் கி ஹாங், ஹெர்மன் ரான் என்ற உடலியங்கியல் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். பருத்தித் துணியோடு குளிர்கடலில் முங்கி முங்கி அவர்கள் உடம்பு குளிருக்குப் பழகியிருந்தது பதிவானது. 1970களின் கடைசியில் குளிரைத் தடுக்கும் ரப்பர் உடை வந்தது. சில வருடங்களில் அந்தப் பழக்கம் உடம்பை விட்டே போய்விட்டது. முன்னமே அளந்து வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. எங்கள் கடல் அவ்வளவு குளிராது, ஆனால் இங்கேயும் காலம் மாறுகிறது. மிதவை கட்டி கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்க்கிறார்கள். எங்கள் தெருவில் இளம்பெண்கள் யாரும் முங்கப் போவதில்லை.

இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதோடு சேர்ந்து ஆண்டுக்கு ஓர் ஆய்வேடாவது இந்தக் கரைக்கு ஒதுக்குங்கள். தலைப்பு முடிவாகும் முன்பே வந்து பெண்களிடம் பேசுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய தொழில் நாளில் அளந்தால் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அப்புறம், ஒவ்வொருவரின் முடிவையும் அவரவர் கையில் கொடுத்து, விளக்கிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாசிக்காரியின் மகள்