ஒரே நோட்டீஸில் தேநீரும் குழாய்ப் பழுதும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அதனுடன் வைத்திருந்த நோட்டீஸின் மாதிரியும் கிடைத்தன. கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்குப் பார்வை தெளிந்துவிட்டதால், அடியில் பொடி எழுத்தில் நீங்கள் ஒளித்து வைத்திருந்த நிபந்தனைகளையும் படித்துவிட்டேன்.

தேயிலை, காப்பித்தூள், பழச்சாறு ஆகியவற்றையும், குழாய்ப் பழுது, வீட்டுத் துப்புரவு ஆகிய வேலைகளையும் ஒரே தாளில் போட்டால் அச்சுக்கூலி மிச்சம் என்கிறீர்கள். மிச்சம்தான், ஆனால் இரண்டுமே எடுபடாமல் போகும் என்று அஞ்சுகிறேன். பானம் நாள்தோறும் வாங்கும் பொருள். பிடிக்காவிட்டால் ஒரு கோப்பையோடு போயிற்று. ஆகவே அதற்கு நாக்குதான் சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோக்க கோலா நிறுவனத்தார் ஒரு குவளை இலவசம் என்று சீட்டு வழங்கியதோடு நில்லாமல், கடைக்காரரின் கையைக் கடிக்காதபடி அந்தப் பானம் கலக்கத் தேவையான பாகையும் தாமே கொடுத்தார்கள். நீங்களோ கடையில் மாதிரித் தேநீர் இலவசம் என்று போட்டுவிட்டு, அந்தச் செலவைக் கடைக்காரர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். இரண்டாம் நாளே அவர் பிளாஸ்கை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்.

தேநீரைக் கொதிக்கக் கொதிக்க நீட்டினால், வந்தவர் ஊதிக்கொண்டே வாசலைத் தாண்டிவிடுவார்; அவர் வாய் வைக்கும்போது உங்கள் தேயிலைப் பொட்டலம் கண்ணெதிரில் இராது. உடனே பருகக்கூடிய சூட்டில், இரண்டு மிடறு அளவே, பொட்டலங்கள் அடுக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே கொடுக்கச் சொல்லுங்கள். இலையை நெடுநேரம் ஊறவிட்டால் கசப்பேறும். பழச்சாறு சில்லென்று இருக்க வேண்டும். சூடேறினால் அதே இனிப்பு திகட்டும்.

குழாய்ப் பழுதுக்கு ஏது மாதிரிக் கோப்பை? அந்த வேலை என்றைக்குத் தேவைப்படும் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. சென்ற மாதம் ஓர் இரவு எங்கள் பாத்திரத் தொட்டியின் கீழே இணைப்புக் கழன்று சமையலறை முழுவதும் தண்ணீர் நின்றபோது, வாளியும் கையுமாக நான் தேடியது எப்போதோ வந்த ஒரு நோட்டீஸை. அது பழைய காகிதத்தோடு போய்விட்டிருந்தது. தொட்டிக்கு அடியிலுள்ள கதவின் உட்புறத்தில் முந்தைய பழுதுக்காரர் ஒட்டிவிட்டுப்போன சிறிய ஸ்டிக்கரே கைகொடுத்தது. எனவே, வேலை முடிந்ததும் உங்கள் ஆள் அங்கே ஒன்றை ஒட்டிவிட்டு வரட்டும். அதில் தொலைபேசி எண்ணும், இரவில் வருவீர்களா என்பதும், பார்க்க வருவதற்கே கட்டணம் உண்டா என்பதும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். “தரமான சேவை” என்ற வரியை எடுத்துவிடலாம். அதை எழுதாதவர் யார்?

துப்புரவு வேலையைப் பற்றி நேரில் பேசுவோம். அந்நியரை வீட்டுக்குள் விடும் தயக்கத்தை எந்தத் தாளாலும் போக்க முடியாது. இரண்டு நோட்டீஸ்களையும் தனித்தனியே எழுதி அனுப்புங்கள். பொடி எழுத்து மட்டும் வேண்டாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்