மட்கார்டு இல்லாத கார்

பொமோனா, கலிபோர்னியா
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் "என்னது, என்னது" என்று கேட்க, நான் கத்த, அம்மா நடுவில் வாங்கி வேறு எதையோ சொல்ல, அரை மணி நேரம் அப்படியே போய்விட்டது. காது மிஷினைப் போடச் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கார்தான். போட்டோவைப் பார்த்துவிட்டு "ஏன்டா, மட்கார்டு கழண்டு விழுந்துருச்சா?" என்று கேட்டீர்களே. விழவில்லை. 1962ல் அவரே கழற்றினார், திரும்ப மாட்டவே இல்லை. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது.

அது 1932 மாடல் ஃபோர்டு ரோட்ஸ்டர். இரண்டு பேர் உட்காரலாம். மேலே நிலையான கூரை கிடையாது. இங்கே அதை 'டியூஸ்' என்கிறார்கள். சீட்டுக்கட்டில் இரண்டுக்கு டியூஸ் என்று பெயர், முப்பத்திரண்டில் இருக்கிற அந்த இரண்டு. பழைய காரில் கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றிவிட்டு, என்ஜினை முறுக்கேற்றி ஓட்டினால் ஹாட் ராட். மட்கார்டு இல்லாமல், பாடி சேஸுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தால் ஹைபாய். பாடியின் தரையை அறுத்து சேஸுக்குக் கீழே இறக்குகிறவர்களும் உண்டு. பெரியவரிடம் அந்தப் பேச்சை எடுத்தால் முகம் சுருங்கிவிடும்.

முதல் தடவை அந்தக் கார் எங்கள் தெருவில் திரும்பியபோது எனக்கு நம் பட்டறைதான் கண்முன் வந்தது. கம்பெனியிலிருந்து வெறும் சேஸ் வருமே, பலகை சீட்டில் டிரைவர் துண்டால் முகத்தைச் சுற்றிக் கட்டி, கண் மட்டும் தெரிய, கரூர் பைபாஸில் புழுதியோடு வந்து இறங்குவாரே, அதே மாதிரி. அந்த வெறும் சேஸின் மேல் நீங்கள் ஒரு முழு பஸ்ஸைக் கட்டி அனுப்புவீர்கள். இவர்கள் முழு வண்டியை வாங்கி, உரித்து உரித்து, சேஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

ஏன் என்று நானும் கேட்டேன். பெரியவர் வடக்கே கையைக் காட்டினார். இங்கிருந்து பார்த்தால் பனி போர்த்திய மலை தெரியும், அதைத் தாண்டினால் மொஹாவி பாலைவனம். அங்கே முரோக், எல் மிராஜ் என்று வற்றிப்போன ஏரிகள் இருக்கின்றன. நம் ஊர் ஏரி மாதிரி கருவேலமும் கொக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். காய்ந்து வெடித்த களிமண், மெழுகி விட்ட வாசல் போலச் சமமாக, மைல்கணக்கில். எவ்வளவு வேகமாகப் போனாலும் மோத எதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் காரை ஓட்டிக்கொண்டு போய், அங்கேயே மட்கார்டு, ஹெட்லைட், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயம் ஓட்டுவார்கள். எடை குறையும், காற்றும் தடுக்காது. முடிந்ததும் மாட்டிக்கொண்டு வீடு திரும்பி, திங்கட்கிழமை அதே வண்டியில் வேலைக்குப் போவார்கள். நாளாக நாளாகத் திரும்ப மாட்டுகிற வேலையைச் சிலர் விட்டுவிட்டார்கள். இந்த ஸ்டைல் பிறந்த கதை இவ்வளவுதான், அலங்காரத்துக்கு என்று யாரும் தொடங்கவில்லை. பின்னால் பெரிய டயர், முன்னால் சின்ன டயர், மூக்கைத் தாழ்த்திப் பாயப் போகிற மாதிரி நிற்பது, எல்லாம் அந்த ஏரித் தரையில் கற்றுக்கொண்டது. 1937லேயே கிளப்புகள் ஒன்றுசேர்ந்து தெற்கு கலிபோர்னியாவுக்கு என்று ஒரு சங்கம் வைத்து, நேரம் அளந்து, பதிவு எழுத ஆரம்பித்துவிட்டன. முரோக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது, இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். எல் மிராஜில் இப்போதும் ஓட்டுகிறார்கள்.

ஆனால் அத்தனை பழைய கார் இருக்க இந்த 32க்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு? இதை உங்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும், உங்களுக்குத்தான் புரியும். முந்தின மாடல்களில் சேஸின் பக்கவாட்டை ஒரு தகடு மூடியிருக்கும். மட்கார்டைக் கழற்றினால் வண்டி பாதியில் விட்ட வேலை மாதிரி அசிங்கமாகத் தெரியும். இந்த மாடலில் சேஸின் முகமே வெளியே தெரிகிறது. அதில் நீளவாக்கில் ஓர் அழுத்தக்கோடு, பாடியின் அடிவிளிம்பு வளைகிற இடத்தில் தானும் வளைந்து போகிறது. கட்டைவிரலை வைத்து முன்னாலிருந்து பின்னால்வரை தடவிப் பார்த்தேன், எங்கேயும் தடுக்கவில்லை. பெட்ரோல் டேங்கைக்கூட ஒளித்து வைக்காமல் பின்னால் இரண்டு சேஸ் கொம்புக்கும் நடுவில் தெரியும்படி வைத்திருக்கிறான். யாரோ ஒருவன் இது ஒரு நாள் அம்மணமாக ஓடும் என்று தெரிந்தே செய்த மாதிரி இருக்கிறது.

அப்புறம் என்ஜின். அதுவரை வி-8, அதாவது V வடிவத்தில் எட்டு சிலிண்டர் வைத்த என்ஜின், பணக்காரர் வண்டிக்கு உரியது. ஹென்றி ஃபோர்டு அந்த வி-8 பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் இருக்கிற என்ஜின் உடம்பை, ஒரே வார்ப்பாக ஊற்றிக் காட்டினார், அதனால் சாதாரண ஆள் வாங்கும் விலைக்கு இறங்கியது. 65 குதிரைத்திறன், 221 கன அங்குலம். வால்வெல்லாம் பிளாக்குக்குள்ளேயே, தலை தட்டையாக ஒரு மூடி மட்டும். எல்லாம் நல்லதுதான், புகை வெளியே போகிற வழியை சிலிண்டர்களுக்கு நடுவே பிளாக்குக்குள் விட்டதுதான் கோளாறு. சூடு ஏறினால் இறங்காது.

இதை நான் அனுபவித்தேன். இரண்டு வாரம் முன் இங்கே கண்காட்சி மைதானத்தில் ரோட்ஸ்டர் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் என்று 1950லிருந்து பரிசு கொடுக்கிறார்கள், கோப்பை ஒன்பது அடி உயரம். நம் வீட்டு நிலைப்படியில் நுழையாது. பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது டிராஃபிக்கில் மாட்டி இருபது நிமிஷம். ரேடியேட்டர் கொதித்து, கொல்லிமலை ஏறுகிற லாரி மாதிரி ஆவி விட ஆரம்பித்தது. ஓரத்தில் நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றினோம். இறங்குகிற அவசரத்தில் வெளியே ஓடுகிற சைலன்சர் பைப்பில் கெண்டைக்காலை வைத்துவிட்டேன். கொப்புளம் ஆறிவிட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

1955ல் செவ்ரலே சின்ன வி-8 கொண்டுவந்ததும் ஆளாளுக்கு ஃபோர்டு பாடிக்குள் செவ்ரலே என்ஜினை வைத்துவிட்டார்கள், தொந்தரவு விட்டது. இவர் மட்டும் மாற்றவில்லை. கேட்டால், கொதிக்கிறபோது ஓரமாக நிறுத்தினால் நாலு பேர் வந்து பேசுவார்கள், அதில் என்ன நஷ்டம் என்கிறார்.

இது பையன்கள் விளையாட்டாக இருந்து நாடு முழுக்கப் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். விமானமும் டாங்கியும் பழுது பார்த்துப் பழகிய ஆட்கள் கையில் சம்பளப் பணத்தோடு ஊர் திரும்பினார்கள். பழைய ஃபோர்டு காயலான் கடையில் சல்லிசாகக் கிடைத்தது. போர் விமானத்தின் வயிற்றில் தொங்கவிடும் உபரி பெட்ரோல் டேங்கை வாங்கி, அதற்குள் என்ஜினை வைத்து ஏரியில் ஓட்டினார் ஒருத்தர், பில் பர்க் என்று. கான்சாஸிலிருந்து பிழைக்க வந்த மெக்கானிக் விக் எடல்ப்ராக், போருக்கு முன்பே தன் 32க்கு இரண்டு கார்புரேட்டர் வைக்கத் தானே ஒரு மேனிஃபோல்டு, அதாவது கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகிற குழாய் அமைப்பு, செய்தார். பார்த்தவர்கள் எனக்கும் ஒன்று கொடு என்று கேட்டார்கள். இன்று அது பெரிய கம்பெனி. 1948 ஜனவரியில் இதற்கென்றே ஒரு மாதப் பத்திரிகை வந்தது, விலை 25 சென்ட். தெருவில் பந்தயம் ஓட்டிப் பெயர் கெட்டு, போலீஸ் துரத்த, 1951ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார். அவர்களுடைய முதல் பந்தயம் 1953ல் எங்கே நடந்தது தெரியுமா? இதே பொமோனா மைதானத்தின் பார்க்கிங்கில். அங்கே இப்போதும் ஓடுகிறது. பந்தய நாளில் எங்கள் சமையலறை ஜன்னல் அதிரும், பாப்பா ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்வாள்.

ஒன்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரிஜினல் பாடி இனிக் கிடைக்காது என்று, ஒஹாயோவில் ஒரு கம்பெனி அதே 32 பாடியை இரும்புத் தகட்டில் புதிதாக அடித்து விற்கிறது. ஃபைபரிலும் கிடைக்கும், விலை குறைவு. எனக்கென்னவோ அதைத் தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டின மாதிரி இருக்கிறது. நம் பட்டறையில் பழைய பாடியைக் கிலோ கணக்கில் இரும்புக் கடைக்குப் போட்டோமே, நினைத்தால் வயிற்றெரிச்சல்.

இதோடு இரண்டு தபால்தலை வைத்திருக்கிறேன். 2014ல் இந்த ஊர்த் தபால்துறை வெளியிட்டது, இரண்டிலும் 32 ரோட்ஸ்டர்தான். உங்கள் ஆல்பத்தில் ஒட்டுங்கள், பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. பெரியவரின் டிக்கி மூடியில் நடுத் தகடு தளர்ந்துவிட்டது. அழுத்தினால் 'டொப்' என்று உள்ளே போகிறது, விட்டால் 'டொப்' என்று வெளியே வருகிறது. யாரோ முன்பு தட்டித் தட்டித் தகட்டை நீட்டிவிட்டிருக்கிறார்கள். உள்ளூரில் ஒரு கடையில் கொடுத்தார், பட்டி போட்டுப் பூசிக் கொடுத்தார்கள், ஒரே மாதத்தில் விண்டுவிட்டது. என் அப்பா இதைச் சரி செய்வார் என்று வாய்விட்டுவிட்டேன். நீங்கள் கேஸ் வெல்டிங்கில் எட்டணா அளவுக்குப் புள்ளி புள்ளியாகச் சிவக்கவைத்து, லேசாகத் தட்டி, ஈரச் சாக்கை வைத்து அமுக்குவீர்கள், அதுவரை ஞாபகம் இருக்கிறது. முதல் புள்ளி நடுவிலா, ஓரத்திலா? சிவப்பு அடங்கிய பிறகு ஈரச்சாக்கா, சிவப்பிலேயேவா? இங்கே தகடு கொஞ்சம் கனம், நம் பஸ் தகட்டை விட. படம் போட்டு எழுதி அனுப்புங்கள். அவர் மூடியைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, வாரம் இரண்டு தடவை தபால் வந்ததா என்று கேட்கிறார்.

அன்புடன்,
உங்கள் மகன்
செந்தில்