கடிகாரத்துக்கு முன்னால் வரும் சங்கிலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹெரால்டு லாய்டின் ‘சேஃப்டி லாஸ்ட்’ (1923) படத்திலிருந்து, கடிகார முள்ளைப் பிடித்துக்கொண்டு அவர் தொங்கும் பகுதியை மட்டும் வகுப்பில் போட்டுக் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் காட்சியின் பெருமையை நான் மறுக்கவில்லை. அவர் நடித்த கதாநாயகன் எதற்காக அந்தச் சுவரில் ஏறினான் என்பதை விட்டுவிட்டால் அது வெறும் சாகசமாகிவிடுகிறது என்பதே என் வருத்தம்.

நகரத்தில் நல்ல நிலைக்கு வந்த பிறகே கல்யாணம் என்று காதலியிடம் சொல்லிவிட்டுத்தான் அவன் ஊரை விட்டுக் கிளம்புகிறான். கிடைத்ததோ, பெரிய கடையொன்றின் துணிப் பிரிவில் வாரம் 15 டாலர் சம்பளம். வாடகை பாக்கி கேட்டு வீட்டுக்காரம்மா வரும்போது, அவனும் அறை நண்பனும் சுவரில் மாட்டியிருக்கும் மேல்கோட்டுகளுக்குள் புகுந்து, காலை மடக்கித் தொங்குகிறார்கள். ஆனால் ஊருக்குப் போகும் செய்தியில் அவன் பெரிய ஆள். கிராமபோனை அடகு வைத்து அவளுக்குப் பதக்கம் அனுப்புகிறான். பிறகு அதற்கொரு சங்கிலி வாங்கச் சம்பளப் பணத்தை நகைக்கடைக்காரரிடம் எண்ணி வைக்கையில், காசு கையை விட்டுப் போகப் போக, அவன் சாப்பிட நினைத்திருந்த மதிய உணவின் பதார்த்தங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் மறைகின்றன. கடிகாரக் காட்சியைவிட எனக்கு நெஞ்சு பதறுவது இந்த இடத்தில்தான்.

சின்ன வயதுப் பையன் அவ்வளவு பணத்தோடு நகரத்தில் தனியாக இருப்பது ஆபத்து என்று பெண்ணின் தாய் கவலைப்பட, அவள் புறப்பட்டுக் கடைக்கே வந்துவிடுகிறாள். மேலாளர் இல்லாத நேரம் பார்த்து அவர் அறையில் அவன் மேலாளராக நடிக்கிறான். கடைக்குக் கூட்டம் சேர்க்க வழி சொல்பவருக்கு 1,000 டாலர் என்ற பேச்சு காதில் விழுவதும், கூட்டம் பார்க்கக் கடைக் கட்டடத்தின் சுவரில் நண்பனை ஏற்றிவிட நினைத்துக் கடைசியில் தானே 12 மாடி ஏற நேர்வதும் இந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான். லாய்டு 1919-இல் ஒரு வெடிவிபத்தில் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தவர் என்பதையும், அதைக் கையுறைக்குள் மறைத்தபடி இதில் நடித்தார் என்பதையும் மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

மொட்டைமாடியில் அவள் கைக்குள் வந்த பிறகும் அவன் உண்மையைச் சொல்வதில்லை. படத்தை ஒரு முறையாவது தொடக்கத்திலிருந்து போட்டுக் காட்டி, அவளிடம் அவன் எப்போது சொல்லியிருப்பான் என்று மாணவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்