பேச்சுப் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கு, லிங்கனைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளிச் சுவர்களிலும் ஆண்டு மலர்களிலும் அடிக்கடி கண்ணில் படும் ஒரு கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன். ஏமாற்றி ஜெயிப்பதைவிடத் தோற்பது மேல் என்று என் மகனுக்குக் கற்றுக்கொடுங்கள் என ஆபிரகாம் லிங்கன் தலைமை ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்வார்களே, அதுதான். என் மகளும் போன வருடப் போட்டிக்கு அதைத்தான் மனப்பாடம் செய்தாள்.

அதை லிங்கன் எழுதவில்லை. அவருடைய கடிதங்களும் உரைகளும் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கின்றன; அவற்றில் இது கிடையாது. கருத்து நல்லதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பீர்கள். சரி. ஆனால் அவர் நிஜமாகவே எழுதிய கடிதங்களை நம் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

1841-இல் லூயிவில்லிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு நீராவிப் படகில் போனார். அதே படகில் பன்னிரண்டு கறுப்பின அடிமைகளை ஆறு ஆறு பேராகச் சங்கிலியில் பிணைத்துத் தெற்கே கொண்டுபோனார்கள். தூண்டில் கயிற்றில் கோத்த மீன்களைப் போல இருந்தார்கள் என்று, நண்பர் ஜோஷுவா ஸ்பீடின் சகோதரிக்கு எழுதினார். அடுத்து அவர் எழுதியது நம்மை நெளிய வைக்கும். படகிலேயே அவர்கள்தான் உற்சாகமாக இருந்தார்களாம், ஒருவன் ஓயாமல் ஃபிடில் வாசித்தானாம். மனிதன் எந்த நிலைமைக்கும் பழகிவிடுகிறானே என்று வியக்கிறார். அடிமை முறை மேல் கோபமாக ஒரு வரி இல்லை.

1855-இல் ஸ்பீடுக்கே எழுதினார். அதே பயணம், அதே சங்கிலி. அந்தக் காட்சி தனக்கு ஓயாத வேதனையாக இருந்தது என்கிறார். ஸ்பீடின் குடும்பம் அடிமைகளை வைத்திருந்த குடும்பம். நெருங்கிய நண்பனிடம் இதைச் சொல்வது லேசான காரியமா?

இடையில் 1847-இல், தப்பித்த தாயையும் நான்கு பிள்ளைகளையும் திரும்பக் கேட்ட அடிமை உரிமையாளருக்காக வழக்காடியவரும் இதே லிங்கன்தான். நல்லவேளை, தோற்றுப்போனார்.

அதிபரான பிறகும் நேர்கோட்டில் போகவில்லை. அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தை, அதாவது ஒன்றுபட்ட அமெரிக்காவை, காக்க முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்று 1862 ஆகஸ்டில் பத்திரிகையாளர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதினார். வேடிக்கை என்னவென்றால், பிரிந்துபோன மாநிலங்களின் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அதற்கு ஒரு மாதம் முன்பே அமைச்சரவைக்குக் காட்டிவிட்டு, போரில் ஒரு வெற்றி கிடைக்கட்டும் என்று காத்திருந்தார். 1863 ஜனவரி 1-இல் வந்த பிரகடனமும் எல்லோரையும் விடுவிக்கவில்லை. ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி, மிசௌரி போன்ற மாநிலங்களின் அடிமைகளை அது தொடவே இல்லை. அதற்கு, நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வர வேண்டியிருந்தது. அது நடைமுறைக்கு வந்த 1865 டிசம்பரில் அவர் உயிரோடு இல்லை.

1864-இல் கென்டக்கிப் பத்திரிகையாளர் ஹாட்ஜஸுக்கு எழுதிய கடிதத்தில், அடிமை முறை தவறில்லை என்றால் எதுவுமே தவறில்லை என்கிறார். அதே கடிதத்தில், நிகழ்ச்சிகளை நான் நடத்தவில்லை, அவைதான் என்னை நடத்தின என்றும் எழுதுகிறார். பதவியில் இருக்கும் எந்தத் தலைவர் இப்படி எழுதித் தருவார்?

அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ், 1876-இல் வாஷிங்டனில் லிங்கன் நினைவுச் சின்னத் திறப்பு விழாவிலேயே வெளிப்படையாகப் பேசினார். அடிமை முறையை உடனே ஒழிக்கக் கேட்ட ஒழிப்புவாதிகளின் கண்ணுக்கு லிங்கன் மந்தமானவர், அக்கறையற்றவர். அவருடைய நாட்டின் மனநிலையோடு ஒப்பிட்டால் வேகமானவர், உறுதியானவர் என்றார். கூட்டத்தில் அதிபர் கிராண்டும் இருந்தார்.

அடுத்த போட்டிக்கு 'அடிமைகளை விடுவித்த அண்ணல்' வேண்டாம். 'லிங்கன் ஏன் தாமதித்தார்?' என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். ஒரு அணி அவர் பக்கம், ஒரு அணி டக்ளஸ் பக்கம். நடுவருக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், பரவாயில்லை. மேலே சொன்ன நான்கு கடிதங்களையும் எளிய தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறேன். கேட்கும் பள்ளிகளுக்குத் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தந்தை